நகையின் பின்பக்கம்

பினாங்கு லிட்டில் இந்தியாவில், மார்க்கெட் தெருவும் பினாங்கு தெருவும் வெட்டிக்கொள்ளும் முனையில் நின்றால் ஒரு பக்கம் நகைக்கடைக் கண்ணாடி தெரியும். உள்ளே தாலிக்கொடி, ஆரம், ஜிமிக்கி, கல் வளையல். அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் சர்ச் தெருவில் பச்சை வண்ணம் பூசிய பெரிய வீடு ஒன்று, பினாங்கு பெரானாக்கான் மாளிகை. அங்கேயும் கண்ணாடிப் பெட்டிகள் இருக்கின்றன, அங்கேயும் நகைகள் இருக்கின்றன. கடையில் இருப்பதை நகை என்கிறோம், மாளிகையில் இருப்பதைக் கலைப்பொருள் என்கிறோம். மாளிகைப் பெட்டியின் சீட்டில் அணிந்த சமூகத்தின் பெயர் இருக்கும். செய்த கையின் பெயர் அநேகமாக இருக்காது.

பழைய அலங்காரப் பொருள் ஒன்றை எந்தப் பண்பாட்டின் கணக்கில் எழுதுவது? அணிந்தவர் கணக்கிலா, செய்தவர் கணக்கிலா, பொன்னும் கல்லும் வந்த ஊரின் கணக்கிலா, இன்று வைத்திருப்பவர் கணக்கிலா? உலக அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் முதல் கணக்கையே எழுதி வந்திருக்கின்றன. சீன அறை, மலாய் அறை, இந்திய அறை என்று பிரித்துவிட்டால் பார்வையாளருக்கு வழி தெரிகிறது. ஜார்ஜ்டவுன் போன்ற துறைமுக நகரத்தில் அந்தக் கணக்கு நிற்பதில்லை. இங்கே பொருள் ஒருவருடையது, கை இன்னொருவருடையது, பெயர் மூன்றாமவருடைய மொழியில் இருக்கிறது. செய்த கையையும் எழுதாதவரை அந்தப் பொருளின் வரலாறு பாதிதான் எழுதப்பட்டிருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

கெரோசாங்கை எடுத்துக்கொள்வோம். பல தலைமுறையாக இங்கே வேரூன்றிய பெரானாக்கான் சீனக் குடும்பங்களின் பெண்கள், அதாவது நோன்யாக்கள், முன்பு அணிந்த பாஜு பஞ்சாங் என்ற நீண்ட மேலாடைக்குப் பொத்தான் கிடையாது. முன்பக்கத்தை மூன்று ஊக்குகள் பிடித்துக்கொள்ளும். மேலே இருப்பது பெரியது, இதய வடிவமோ பீச் பழ வடிவமோ கொண்டது. கீழே இரண்டும் சிறியவை, வட்டமானவை. பெரியதைக் கெரோசாங் ஈபு என்பார்கள், சிறியவற்றைக் கெரோசாங் அனாக் என்பார்கள். ஈபு என்றால் தாய், அனாக் என்றால் பிள்ளை. சாதாரண நாளில் பொன்னும் வைரமும் அணிவார்கள். துக்க காலத்தில் வெள்ளியும் முத்தும் அணிவார்கள், முத்துக்குக் கண்ணீர் என்று பொருள் கொண்டார்கள்.

இந்த ஒரு ஊக்கில் எத்தனை ஊர் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அணிந்தவள் சீனக் குடும்பத்துப் பெண். அவள் உடுத்தியது மலாய் உடை. பூங்கொத்துக்கு நடுவே இருக்கும் பீனிக்ஸ் பறவையும் பியோனிப் பூவும் சீனாவிலிருந்து வந்த உருவங்கள். பதித்த வைரத்தை மலாயில் இந்தான் என்பார்கள். அது போர்னியோவில் கிடைத்த, அடிப்பக்கம் தட்டையாக, மேல்பக்கம் மட்டும் முகம் வெட்டிய சிறு கல். கெரோசாங் என்ற சொல்லே இதயத்தைக் குறிக்கும் போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். இவற்றை ஒன்றாக்கியவர்கள் சீனப் பொற்கொல்லர்கள், தமிழ் ஆசாரிகள், இலங்கையிலிருந்து வந்த சிங்களப் பொற்கொல்லர்கள். காலியிலிருந்து வந்த பி. பி. டி சில்வா 1872இல் சிங்கப்பூரில் தொடங்கிய நகைத் தொழில் இந்த வரிசையில் பெயர் தெரிந்த ஒன்று. பெயர் தெரியாதவர்கள் எத்தனையோ பேர். பினாங்கு ரங்கூனுக்கும் கல்கத்தாவுக்கும் கப்பல் போகும் வழியில் இருந்ததால் அந்த ஊர்களின் ரசனையும் இங்கே கலந்தது.

கெரோசாங்கின் முன்பக்கம் எல்லோருக்கும் பிடிக்கும். எனக்கு அதைத் திருப்பிப் பார்க்கத்தான் ஆசை. லிட்டில் இந்தியாவில் வயதான பத்தர் ஒருவரிடம் பழைய நகை ஒன்றைக் காட்டி, இது எந்த ஊர் வேலை என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் நகையைக் கவிழ்த்துப் பிடித்தார். “முன்னாடி எல்லாரும் பாப்பாங்க தம்பி. வேலை பின்னாடி இருக்கு” என்றார்.

பின்னால் என்ன இருக்கிறது? கல்லுக்கு அடியில் பொன்னைத் துளைத்து வெளிச்சம் வர விட்டிருக்கிறார்களா, அல்லது தகடு வைத்து மூடியிருக்கிறார்களா என்று பார்க்கலாம். மூடிப் பதிப்பது நம் ஊர்க் கல் இழைக்கும் முறை. தகட்டின் பளபளப்பு கல்லுக்குள் ஏறி, மங்கல் கல்லும் விளக்குப்போல் தெரியும். பற்றவைத்த இடம் வழித்து மெருகு ஏற்றியிருக்கிறதா, பற்றவைக்கும் பொடி உருகிய தடம் அப்படியே நிற்கிறதா என்பது அடுத்தது. ஊக்கின் கம்பியை அச்சில் இழுத்திருக்கிறார்களா, தட்டி உருட்டியிருக்கிறார்களா என்பது அதற்கு அடுத்தது. சீனப் பொற்கொல்லர் கடைகள் பலவும் தங்கள் முத்திரையைப் பின்பக்கம் குத்துவது வழக்கம். தமிழ் ஆசாரி பொதுவாக எதுவும் குத்துவதில்லை. வாடிக்கையாளருக்கு அவரைத் தெரியும், அவருக்கு வாடிக்கையாளரைத் தெரியும், பெயர் எதற்கு என்று நினைத்திருக்க வேண்டும். நூறு ஆண்டு கழித்து அந்த நகை கண்ணாடிப் பெட்டிக்குள் போகும்போது முத்திரை குத்தியவருக்கு வரலாறு கிடைக்கிறது, குத்தாதவருக்குக் கிடைப்பதில்லை.

இதே கடலோரத்தில் ஒரு தமிழ்ப் பொற்கொல்லரின் பெயர் தப்பிப் பிழைத்திருக்கிறது. தாய்லாந்தின் கிராபி மாநிலத்தில் குளோங் தொம் என்ற ஊர் இருக்கிறது. அங்கே குவான் லுக்பாட் என்ற இடத்தில், மண்ணைக் கிளறினால் கண்ணாடி மணிகள் கிடைக்கும். அங்கே கிடைத்தவற்றுள் ஒன்று சிறிய கறுப்புக் கல், பொன்னின் தரம் பார்க்கும் உரைகல். அதில் தமிழ் பிராமி எழுத்தில், பெரும்பதன் என்பவருடைய கல் என்று பொருள்படும் சொற்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. கி.பி. 3ஆம் அல்லது 4ஆம் நூற்றாண்டு என்று எழுத்தின் வடிவத்தை வைத்துச் சொல்கிறார்கள். பத்தர் என்று இன்றும் நாம் பொற்கொல்லரைக் கூப்பிடும் சொல்லும் அந்தப் பெயரும் ஒரே வேர் என்று படித்தவர்கள் கண்டார்கள். அங்குள்ள பௌத்த விகாரையின் சிறு அருங்காட்சியகத்தில் அந்தக் கல் இருக்கிறது. அரசர் பெயரோ வணிகக் குழுவின் பெயரோ அதில் இல்லை. ஒரு தொழிலாளி தன் கருவி காணாமல் போகக் கூடாது என்று பெயர் வெட்டி வைத்திருக்கிறார். நம் ஆட்கள் கடல் கடந்து போனதற்கு இதைவிட நெருக்கமான சாட்சியம் எனக்குத் தெரியாது.

உரைகல்லில் உரசிப் பார்த்துச் சொல்லும் தரத்துக்குத் தமிழில் மாற்று என்று பெயர். பத்தரை மாற்றுத் தங்கம் என்று இன்றும் சொல்கிறோம். மலாயில் முத்து என்று ஒலிக்கும் ஒரு சொல் உண்டு, தரம் என்று பொருள். முதலில் அது பொன்னின் தரத்தைக் குறித்தது, இப்போது எல்லாவற்றின் தரத்தையும் குறிக்கிறது. தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்கும் அந்தச் சொல்தான். அது நம் மாற்றுதான். கடை கெடாய் ஆனது, கப்பல் காபால் ஆனது, பெட்டி பெத்தி ஆனது, மாற்று முத்து ஆனது. பொருள்கள் உருகிப் போன பிறகும் சொல் நிற்கிறது.

அந்த வேலை செய்தவர்களுக்கு நம் இலக்கியம் நல்ல பெயர் கொடுக்கவில்லை. தாய்ப் பொன்னிலும் மாப்பொன் எடுப்பான் என்ற பழமொழியைக் கேட்காத ஆசாரி வீடு இருக்காது. சிலப்பதிகாரத்தில் கோவலனைக் கள்வனாக்குகிறவன் பொற்கொல்லன். ஆனால் அதே கதையில் வழக்கு எப்படித் தீர்கிறது? சிலம்பை உடைத்து உள்ளே இருந்த பரலைப் பார்க்கிறார்கள். ஒன்றில் முத்து, மற்றதில் மாணிக்கம். தமிழர் வரலாற்றில் மிகப் பெயர் பெற்ற அணிகலனுக்கு உரியவர் யார் என்ற கேள்விக்கு விடை அதன் வெளிப்பக்கத்தில் இல்லை, செய்தபோது உள்ளே இட்டதில் இருந்தது. அருங்காட்சியகக் காப்பாளர்கள் அந்தக் காட்சியை ஒரு முறை நினைத்துக்கொண்டால் நல்லது.

சர்ச் தெரு மாளிகைக்குத் திரும்புவோம். அதைப் பெரானாக்கான் மாளிகை என்கிறோம். கட்டியவர் கப்பித்தான் சுங் கெங் குவீ. அவர் சீனாவில் பிறந்து, ஈயச் சுரங்கத்தில் செல்வம் சேர்த்த ஹக்கா சீனர். பல தலைமுறையாக இங்கே வேரூன்றிய பெரானாக்கான் குடும்பத்தில் பிறந்தவர் அல்லர். அவர் அந்த வீட்டுக்கு வைத்த பெயர் ஹாய் கீ சான். பிற்காலத்தில் சேகரிப்பாளர் ஒருவர் அதைச் சீராக்கி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பழம்பொருள்களைக் கொண்டுவந்து நிரப்பினார். இதில் தவறு எதுவும் இல்லை, அந்தச் சேகரிப்பு இல்லாவிட்டால் எத்தனையோ பொருள் சிதறிப் போயிருக்கும். ஆனால் பெயர்ப்பலகை ஒன்று சொல்ல, வீடு வேறொன்று சொல்கிறது என்பதைப் பார்வையாளர் அறிய வேண்டும். வார்ப்பிரும்புத் தூணும் கம்பிவேலைப்பாடும் கிளாஸ்கோ நகரத்து ஆலையில் வார்த்தவை. தரை ஓடுகள் இங்கிலாந்திலிருந்து வந்தவை. மரச் செதுக்கலில் சீனக் கை. இளஞ்சிவப்பும் பச்சையும் கொண்ட பீங்கான் பாத்திரங்களை நோன்யா பீங்கான் என்கிறோம், அவை சீனாவின் ஜிங்தெசென் சூளைகளில் மலாக்கா நீரிணைப் பகுதி வாடிக்கையாளருக்கென்றே செய்யப்பட்டவை. மணி கோத்த காலணியின் மணிகள் ஐரோப்பியக் கண்ணாடி. வீடு முழுவதும் நடந்தால் ஒரு துறைமுகத்தின் சரக்குப் பட்டியலைப் படித்ததுபோல் இருக்கும்.

இதே தன்மை நம் செட்டிநாட்டு வீடுகளிலும் உண்டு. பர்மாத் தேக்கு, இத்தாலிப் பளிங்கு, பெல்ஜியக் கண்ணாடி என்று அந்த வீடுகளைப் பற்றிச் சொல்லாதவர் இல்லை. பினாங்கிலும் ரங்கூனிலும் வட்டிக்கடை வைத்த நகரத்தார் கப்பலேறி ஊருக்குத் திரும்பும்போது சீர்வரிசைக்கு ஆகும் சாமானும் கூடவே வந்தது. பர்மாவில் மூங்கில் பின்னி அரக்குப் பூசிய பாத்திரத்துக்குச் செட்டிநாட்டில் மரவை என்று பெயர். அதன்மேல் உரியவரின் பெயரைத் தமிழில் எழுதி வாங்கியிருக்கிறார்கள். எனாமல் பூசிய இரும்புச் சாமான் மங்குச் சாமான் ஆனது. இன்று காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் இவற்றையெல்லாம் செட்டிநாட்டுப் பொருள் என்றே விற்கிறார்கள். வாங்குகிறவரும் அப்படித்தான் வாங்குகிறார். பர்மாவின் பாகான் ஊரில் அரக்குப் பூசியவரின் கை அங்கே மறைந்துபோகிறது, கெரோசாங்கில் நம் ஆசாரியின் கை மறைந்ததுபோலவே. நம் கையை மறைத்ததற்கு வருந்துகிற நாம் பிறர் கையை மறைத்ததையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நகரத்தாரின் பினாங்குப் பொருள்களில் உச்சம் வெள்ளி ரதம். பினாங்கு தெருவில் உள்ள கோவில் வீட்டிலிருந்து தைப்பூசத்துக்கு முந்தைய நாள் காலை அது புறப்படுகிறது. மாடுகள் இழுக்க, முருகன் தண்ணீர்மலைப் பக்கத்து நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோவிலுக்குப் போகிறார். 1894 முதல் இந்த ரதம் ஓடுகிறது, தமிழ்நாட்டில் செய்து கப்பலில் கொண்டுவந்தது. மரச்சட்டத்தின் மேல் வெள்ளித் தகடு. தகட்டின் பின்பக்கம் அரக்கு நிரப்பி, முன்பக்கம் உளியால் தட்டித் தட்டி உருவம் எழுப்புவது கோவில் கவசம் செய்யும் அதே வேலை. ரதம் போகும் வழியெங்கும் தெருவில் தேங்காய் மலைபோல் குவிந்திருக்கும், உடைக்கிறவர்களில் சீனர்கள் ஏராளம். 2017 முதல் குவின் தெரு மகாமாரியம்மன் கோவிலிலிருந்து தங்க ரதம் ஒன்றும் வேலை ஏந்திப் புறப்படுகிறது. இரண்டு ரதம் தேவையா என்று அப்போது நடந்த வாதம் இன்னும் முழுதாக ஓயவில்லை, அதற்குள் நான் போக விரும்பவில்லை. ஆனால் இந்தக் கட்டுரைக்கு வேண்டிய ஒரு செய்தி அந்த வெள்ளி ரதத்தில் இருக்கிறது. 130 ஆண்டு கடந்த ஒரு வெள்ளிப் பொருள், வெயிலிலும் மழையிலும் கூட்டத்தின் தேங்காய்த் தண்ணீரிலும் தெருவில் போகிறது. அது கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தால் தேய்மானம் குறையும். அப்போது அதற்கு உயிர் இருக்குமா? பொருளைப் பாதுகாப்பதா, பயன்பாட்டைப் பாதுகாப்பதா என்று காப்பாளர்கள் மாநாடுகளில் கேட்டுக்கொள்ளும் கேள்விக்குப் பினாங்குக்காரர்கள் ஆண்டுதோறும் தெருவில் விடை சொல்கிறார்கள். எனக்கு அவர்கள் விடையே பிடித்திருக்கிறது.

பினாங்கு என்றால் பாக்கு. தீவின் பெயரே கமுகு மரத்திலிருந்து வந்தது. எனவே இந்த ஊரின் பொருளைப் பற்றிப் பேசும்போது வெற்றிலைப் பெட்டியைச் சொல்லாமல் போக முடியாது. மலாய் வீட்டில் தெப்பாக் சிரே, நோன்யா வீட்டில் தெம்பாட் சிரே, நம் வீட்டில் வெற்றிலைச் செல்லம். சுண்ணாம்புக்கு ஒரு சிமிழ், பாக்குக்கு ஒன்று, புகையிலைக்கு ஒன்று, வெற்றிலையை அடுக்க ஓர் அறை, பக்கத்தில் பாக்குவெட்டி. மலாய்ப் பெட்டியில் இவற்றோடு காசுக்கட்டிக்கும் ஒரு கிண்ணம் இருக்கும். மூன்று வீட்டிலும் திருமணப் பேச்சு இதை முன்னால் வைத்துத்தான் தொடங்கியது. வெற்றிலை போட்டவர்கள் போய்விட்டார்கள், பெட்டி மட்டும் நிற்கிறது. மூன்றையும் அடுத்தடுத்து ஒரே மேசையில் வைத்துக் காட்டினால் நூறு பக்கம் எழுதிப் புரியவைப்பதை ஒரே பார்வையில் புரியவைக்கலாம். அறை பிரித்து வைத்திருக்கும்வரை அந்தப் பார்வை கிடைக்காது.

துணிக்கு வருவோம். மார்க்கெட் தெருக் கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் கட்டம் போட்ட கைலிக்கு மலாய்க்காரர்கள் காயின் பெலிக்காட் என்று பெயர் சொல்கிறார்கள். பெலிக்காட் என்பது பழவேற்காடு. சென்னைக்கு வடக்கே ஏரிக்கரையில் இருக்கும் அந்தச் சிற்றூரில் டச்சுக்காரர்கள் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோட்டை கட்டியதே இந்தச் சோழமண்டலத் துணிகளுக்காகத்தான். இன்று பழவேற்காட்டில் அந்தத் தறிகள் இல்லை, ஆனால் மலாயா முழுவதும் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போகிறவர் இடுப்பில் அந்த ஊரின் பெயர் இருக்கிறது. கைலியை விரித்தால் கட்டங்களுக்கு நடுவே ஓரிடத்தில் நிறமும் கோடும் மாறி ஒரு பட்டை வரும். மலாயில் அதைக் கெப்பாலா, அதாவது தலை என்பார்கள். உடுத்தும்போது அது பின்பக்கம் வர வேண்டும். நம் ஊரில் கைலி கட்டுகிறவருக்கு அந்தப் பட்டை தேவையில்லை. வாங்குகிறவரின் கண்ணுக்காக நெய்கிறவர் தன் தறியில் சேர்த்த மாற்றம் அது. யார் வடிவமைத்தது என்று கேட்டால் இரண்டு பேரும் என்றுதான் சொல்ல வேண்டும்.

இங்கே என் வாதத்துக்கு நானே ஒரு தடை எழுப்ப வேண்டியிருக்கிறது. செய்த கையே எல்லாம் என்று சொல்லிவிட முடியாது. நைஜீரியாவின் நைஜர் ஆற்று முகத்துவாரத்தில் வாழும் கலபாரி மக்கள் சென்னைக் கட்டத்துணியை இஞ்சிரி என்று அழைத்து மிக மதிப்பாக வைத்திருக்கிறார்கள். வாங்கிய துணியிலிருந்து சில நூல்களைக் கத்தியால் அறுத்து உருவி, கட்டத்துக்குள் புதிய உருவங்களை உண்டாக்குகிறார்கள். அதற்கு வேறு பெயரே உண்டு, பெலெத்தே பீத்தே. நெய்தவர் தமிழர், நூலை எடுத்தவர் கலபாரிப் பெண். சுலாவெசித் தீவின் தொராஜா மக்களும் நம் கரையிலிருந்து போன வண்ணத் துணிகளைத் தெய்வத் துணியாக வைத்திருந்து சடங்குக்கு மட்டும் எடுக்கிறார்கள். வரைந்து கொடுத்தவருக்கு அந்தத் தெய்வத்தைத் தெரியாது. எனவே செய்த கையையும் எழுதுங்கள் என்கிறேனே தவிர, செய்த கையை மட்டும் எழுதுங்கள் என்று சொல்லவில்லை. சூலியா தெருப் பக்கம் தமிழ் முஸ்லிம்கள் வெல்வெட்டும் அட்டையும் வைத்துத் தைத்த சொங்கோக் தொப்பி மலாய்க்காரரின் தலையில் ஏறியதும் மலாய்த் தொப்பிதான். தைத்தவரும் நினைக்கப்பட வேண்டும் என்பது மட்டும்தான் கேட்பது.

கட்டடத்தின் மேல் இருக்கும் அலங்காரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேனன் தெருவிலிருந்து உள்ளே போனால் வரும் கூ கொங்சி என்ற சீனக் குல வீடு, 1901இல் எரிந்து 1906இல் மீண்டும் எழுந்தது. அதன் கூரையில் இருக்கும் நாகங்களும் பூக்களும் வண்ணப் பீங்கான் கிண்ணங்களைக் குறடால் நறுக்கிச் சுண்ணாம்பில் ஒட்டிச் செய்தவை. குவின் தெரு மாரியம்மன் கோபுரத்தில் இருப்பது சுதை வேலை. இரண்டுக்கும் அடியில் இருப்பது சுண்ணாம்புதான். ஒருவர் அதன்மேல் பீங்கான் ஒட்டினார், மற்றவர் வண்ணம் பூசினார். சீன வீட்டுக் கூரைக்கும் தமிழர் கோபுரத்துக்கும் பத்து நிமிட நடைத் தொலைவு.

பொருள் எப்படி இடம் மாறுகிறது என்பது பெரிய கேள்வி, அதில் இந்தக் கடல் நமக்கு எல்லா வகைக்கும் சான்று வைத்திருக்கிறது. பினாங்குக்கு எதிர்க்கரையில் இருக்கும் கெடாதான் கடாரம். ராஜேந்திர சோழன் 1025இல் நடத்திய படையெடுப்பின் வெற்றிப் பட்டியலில், ஸ்ரீவிஜயத்தின் போர்வாயிலில் இருந்த வித்தியாதர தோரணம் இடம்பெறுகிறது. கொள்ளையடித்து வந்த அலங்கார வாயில் ஒன்றை மெய்க்கீர்த்தியில் பெருமையாகப் பொறித்திருக்கிறார்கள். அதற்கு இருபது ஆண்டு முன்னால் அதே கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் சூளாமணி விகாரை எடுக்க, ராஜராஜன் ஆனைமங்கலத்தை அதற்குக் கொடையாகக் கொடுத்தான். அந்தக் கொடையைச் சொல்லும் 21 செப்பேடுகள், சோழ முத்திரை வளையத்தோடு ஹாலந்துக்குப் போய், லைடன் செப்பேடுகள் என்று போன ஊரின் பெயராலேயே வழங்கலாயின. நாகப்பட்டினத்தில் 1856 முதல் கிடைக்கத் தொடங்கிய சுமார் 350 பௌத்தச் செப்புத் திருமேனிகளில் பல சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின. ஒன்று கொள்ளை, ஒன்று கொடை, ஒன்று புதையல்.

நான்காவதை யாரும் திட்டமிடவில்லை. நியூசிலாந்தில் 1836 வாக்கில் வில்லியம் கொலென்சோ என்ற பாதிரியார் மவோரி மக்கள் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கு வேகவைப்பதைப் பார்த்தார். அது கவிழ்த்துப் போட்ட கப்பல் மணியின் மேல்பகுதி. விளிம்பைச் சுற்றித் தமிழ் எழுத்து. முகைதீன் பக்ஸ் என்ற கப்பலுடைய மணி என்று அதற்குப் பொருள். பினாங்கின் சூலியாக்கள், அதாவது தமிழ் முஸ்லிம் வணிகர்கள், எந்தக் கரையிலிருந்து கப்பல் ஏறினார்களோ அதே கரை முஸ்லிம்களின் கப்பல் அது. இப்போது வெல்லிங்டனில் தெ பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது தமிழர் பொருளா, மவோரிகளின் பொருளா? மணியாக அடித்தது நாம், சட்டியாக ஆண்டது அவர்கள்.

திருப்பித் தரும் பேச்சு இன்று உலகமெங்கும் நடக்கிறது. ஸ்ரீபுரந்தான் நடராசரைப்போல் கோவிலிலிருந்து திருடி விற்றதென்றால் திரும்பி வரத்தான் வேண்டும். ஆஸ்திரேலியா அதை 2014இல் திருப்பித் தந்தது, அது நியாயம். ஆனால் விலை கொடுத்து வாங்கிய கெரோசாங்கையோ, பிரித்து உடுத்திய பெலிக்காட்டையோ யாரும் திருப்பித் தர வேண்டியதில்லை. அவற்றுக்கு வேண்டியது வேறு. சீட்டில் ஒரு வரி போதும்.

தமிழர் நகைகள் மாளிகைப் பெட்டிகளில் ஏன் இவ்வளவு குறைவு என்று பினாங்கு நண்பர்கள் என்னைக் கேட்டதுண்டு. இதற்கு வெளியாரை மட்டும் குறை சொல்ல முடியாது. நோன்யா குடும்பங்களில் பாட்டியின் கெரோசாங் பாட்டியின் கெரோசாங்காகவே பேத்திக்குப் போனது. நம் வீட்டில் பாட்டியின் அட்டிகை, அம்மாவின் கல்யாணத்தில் ஆரமானது. ஆரம் மகளின் கல்யாணத்தில் வளையலானது. அழித்துச் செய்வது என்று அதற்கு நம்மிடம் அழகான சொல்லே இருக்கிறது. பொன் குடும்பத்தில் தங்கியது, வேலைப்பாடு போய்விட்டது. வறுமையும் இதில் உண்டு. ரப்பர் தோட்டத்துக் குடும்பம் பள்ளிச் சம்பளத்துக்கு அடகு வைத்த தோட்டை மீட்க முடியாமல் போனால், அது கடையில் உருகியது. இதற்காக யாரையும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தங்கம் நம் வீட்டில் கலைப்பொருளாக இருக்கும் முன்பு வங்கியாக இருந்தது. ஆனால் விளைவு விளைவுதான். நூறு ஆண்டுக்கு முந்தைய பினாங்குத் தமிழ்ப் பெண்ணின் நகைப் பெட்டி முழுதாகக் கிடைத்தால் அது பெரும் அதிசயம்.

பட்டறைகளும் குறைந்துவிட்டன. பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000ஆம் ஆண்டுத் தொடக்கத்தோடு போனதும், சொற்ப வாடகையில் மாடியறையிலும் ஐந்தடிப் பாதையிலும் தொழில் செய்தவர்கள் பலர் நகரத்தை விட்டு வெளியேறினார்கள். 2008 ஜூலையில் ஜார்ஜ்டவுனும் மலாக்காவும் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் ஏறின. அப்போது கட்டடத்துக்குக் காவல் வந்தது, உள்ளே இருந்த தொழிலாளிக்கு அதே அளவு காவல் வரவில்லை. அச்சில் வார்த்த நகையும் இயந்திரச் சங்கிலியும் வந்த பிறகு, கையால் செய்ய ஆள் தேடுகிறவர்களும் குறைந்தார்கள். ஊதுகுழல், குமுட்டி அடுப்பு, சாமணம், கம்பியச்சு, வெண்காரக் கிண்ணம், அரக்குக் கட்டை இவற்றை ஒரே இடத்தில் பார்ப்பது அரிதாகிவிட்டது. நகையைச் சேகரிக்க ஆள் இருக்கிறார்கள், கருவியைச் சேகரிக்க ஆள் இல்லை. ஒரு பத்தர் தொழிலை விட்டால், தேய்ந்து அவர் விரலுக்கு ஏற்ற வடிவம் பெற்ற சாமணமும் பழைய இரும்போடு போகிறது. கெரோசாங்குக்குப் பக்கத்தில் அந்தச் சாமணத்தையும் வைக்க வேண்டும் என்று நான் கேட்கிறேன். பட்டறை வைத்திருந்தவர்களின் பெயர், தெரு, ஆண்டு, அவர்கள் யார் யாருக்குச் செய்தார்கள் என்பதை, நினைவுள்ள பெரியவர்கள் இருக்கும்போதே எழுதிக்கொள்ள வேண்டும். பினாங்கில் அது இன்னும் முடியும்.

அந்தப் பத்தரின் மேசைக்கு அன்று ஒரு அம்மாள் பழைய மோதிரம் கொண்டுவந்தார். சீன அம்மாள். இருவரும் மலாயில் பேசிக்கொண்டார்கள். பத்தர் மோதிரத்தைத் திருப்பிப் பார்த்தார், விளிம்பைக் கறுப்புக் கல்லில் ஒரு இழுப்பு இழுத்தார். மெல்லிய மஞ்சள் கோடு விழுந்தது. கல்லில் ஏற்கெனவே பத்துப் பதினைந்து கோடுகள் இருந்தன, சில வெளுத்தும் சில செம்மையாகவும். அம்மாள் குனிந்து, தன் கோடு எது என்று கேட்டார். பத்தர் விரலை வைத்துக் காட்டினார்.